நிற்பதற்கு முன்பே காலை எடுங்கள்: கிளிப்லெஸ் பெடல் பழகுகிறவருக்கு ஒரு பதில்

கேள்வி: வயது 43. மூன்று வருடமாகச் சாதாரணப் பெடலில் காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 30, 40 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். போன மாதம் ரோடு ஷூவும், அதன் அடியில் மூன்று திருகால் பூட்டும் கிளீட் என்ற சிறு கட்டையைக் கவ்விக்கொள்ளும் எஸ்பிடி-எஸ்எல் பெடலும் வாங்கினேன். இரண்டு வாரத்தில் மூன்று முறை விழுந்துவிட்டேன். மூன்றும் வண்டி நின்ற பிறகு. இப்போது வலது முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கிறது. என் வயதுக்கு இது சரிப்படுமா? பழைய பெடலுக்கே போய்விடலாமா?

பதில்:

"மூன்றும் வண்டி நின்ற பிறகு" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பதில் அந்த வரியிலேயே இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்தப் பெடலுக்குப் புதிதாக வருகிறவர்கள் வேகமாகப் போகும்போது பெடலால் விழுவது அபூர்வம். ஓடுகிற சைக்கிள் தன்னைத்தானே பெருமளவு நிமிர்த்திக்கொள்ளும். விழுவதெல்லாம் சிக்னலில், டீக்கடை வாசலில், சொந்த வீட்டு கேட்டருகில். சிறுவயதில் சைக்கிள் கற்ற நாளிலிருந்து நம் உடம்புக்கு ஒரே வரிசைதான் தெரியும்: பிரேக் பிடி, வண்டி நிற்கட்டும், காலை ஊன்று. காலைப் பூட்டிவைக்கிற இந்தக் கிளிப்லெஸ் பெடலில் அந்த வரிசை தலைகீழாகிறது. முதலில் கால் வெளியே வர வேண்டும், அப்புறம் பிரேக், கடைசியில்தான் நிற்பது. நீங்கள் பழைய வரிசையிலேயே நின்றிருக்கிறீர்கள். வண்டி நின்றுவிட்டால் காலை எடுக்க உங்களுக்கு ஒரு நொடிகூட மிச்சம் இருக்காது. இருபது வயதுப் பையனும் இதே இடத்தில் இதே மாதிரிதான் விழுகிறான். வயது இதில் ஒரு காரணமே இல்லை.

இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. விழப்போகிறோம் என்று தெரிந்ததும் உடம்பு காலை மேலே தூக்கும், அல்லது பின்னால் இழுக்கும். இந்தப் பெடலோ மேல்நோக்கிய இழுப்புக்குத் திறக்கக் கூடாது என்றே செய்யப்பட்டது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் ஸ்பிரிங் விடும். பதறிப்போய் எவ்வளவு பலமாக இழுத்தாலும் அது விடாது. அதனால் பதற்றம் வருவதற்கு முன்பே திருப்பும் அசைவைக் காலுக்குப் பழக்கிவிட வேண்டும். அதற்கு வழி இருக்கிறது.

அதற்கு முன் ஒரு வார்த்தை. காலைப் பூட்டுகிற பெடலுக்கு ஏன் 'கிளிப்லெஸ்' என்று பெயர் என்று புதிதாக வாங்குகிற எல்லாரும் கேட்பார்கள். முன்பு பந்தயக்காரர்கள் பெடலின் முன்னால் ஒரு உலோகக் கூட்டை மாட்டி, அதற்குள் விரலை நுழைத்து, தோல்வாரால் இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூட்டின் பெயர்தான் 'டோ கிளிப்'. அது இல்லாத பெடல் என்பதால் கிளிப்லெஸ். தோல்வார் காலத்தில் காலைப் பின்னால் இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள், அதற்கு முன் கையால் வாரைத் தளர்த்தவும் வேண்டும். 1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் கொண்டுவந்த கிளிப்லெஸ் பெடலிலும் குனிந்து கையால் ஒரு நெம்புகோலைத் தள்ளினால்தான் கால் விடுபடும். இதை மாற்றியது பனிச்சறுக்கு. சறுக்குகிறவர் விழும்போது கால் முறியாமல் இருக்க, அந்தச் சறுக்குக் கட்டையின் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும்படி செய்திருப்பார்கள். அந்தப் பூட்டுகளைச் செய்துவந்த பிரான்ஸின் லுக் நிறுவனம் அதே தத்துவத்தில் 1984இல் ஒரு பெடலைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பிரெஞ்சு சைக்கிள் வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலில் ஓட்டித் தன் ஐந்தாவது டூர் தெ ஃபிரான்ஸ் பந்தயத்தை வென்றார். 1990இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி பெடல் வந்தது; உங்கள் எஸ்பிடி-எஸ்எல் அதே நிறுவனத்தின் ரோடு சைக்கிள் வகை. ஆக, உங்கள் காலடியில் இருப்பது கையைத் தொடாமல், காலைத் திருப்பினாலே விடுகிற பூட்டு. அதன் இயல்பே விடுவதுதான் என்று மனதில் வைத்துக்கொண்டு பழகினால் பயம் பாதி குறையும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் டென்ஷன், அதாவது கிளீட்டைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கின் இறுக்கம். பெடலின் பின்பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கும். சிறிய ஆலன் கீயால் அதைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் ஸ்பிரிங் தளரும். பக்கத்திலேயே எந்த அளவில் இருக்கிறது என்று காட்டும் குறியும் இருக்கும். இரண்டு பெடலையும் குறைந்தபட்ச அளவுக்குக் கொண்டுவாருங்கள். குறி கடைசிக்கு வந்ததும் நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் திருகு கழன்று வந்துவிடும். கடையில் பூட்டிக் கொடுத்தவர் சரியாகத்தான் வைத்திருப்பார் என்று விட்டுவிடாதீர்கள், நீங்களே பாருங்கள். புதுக் கிளீட்டும் புதுப் பெடலும் சேர்ந்தால் முதல் நூறு தடவைக்குக் கொஞ்சம் முரண்டுபிடிக்கும், அப்புறம் இளகும். குறைந்த டென்ஷனில் ஓடும்போது கால் கழன்றுவிடுமோ என்று கவலைப்படுகிறார்கள். உட்கார்ந்து மிதிக்கிறவருக்கு அது அநேகமாக நடக்காது. எழுந்து நின்று வேகமெடுக்கிறவர்களுக்குத்தான் இறுக்கம் தேவை.

கிளீட்டின் நிறத்தையும் பாருங்கள். எஸ்பிடி-எஸ்எல்லில் மஞ்சள் கிளீட் 6 டிகிரி ஃப்ளோட் தரும், நீலம் 2 டிகிரி, சிவப்பு அசையவே விடாது. பூட்டு திறக்காமலேயே குதிகால் எவ்வளவு அசையலாம் என்பதுதான் ஃப்ளோட். 6 டிகிரி என்பது கடிகாரத்தில் நிமிட முள் ஒரு நிமிடம் நகரும் தூரம். உங்களுடையது சிவப்பாக இருந்தால் இன்றே மஞ்சளுக்கு மாற்றுங்கள். முழங்கால் வலிக்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி பழக்கம். என் அண்ணிக்கு 51 வயதில் இதைச் சொல்லிக்கொடுத்தேன். அவருக்குச் செய்தது போலவே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் மூன்று நாள் அவரைத் தெருவுக்கே விடவில்லை. அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்தில், சுவரை ஒட்டிச் சைக்கிளை நிறுத்தி, சீட்டில் உட்காரவைத்தேன். ஒரு கை சுவரில், மறு கை பிரேக்கைப் பிடித்தபடி. பெடல் மாட்டியிருக்கும் க்ராங்கை அடியில் கொண்டுவந்து, கால் கிட்டத்தட்ட நீண்டிருக்கும் நிலையில், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னேன். டக். மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. ஒரு காலுக்கு ஐம்பது தடவை, பிறகு சைக்கிளைத் திருப்பி மறு காலுக்கு ஐம்பது. முதல் பத்துத் தடவை பாதத்தைத்தான் திருகப் பார்த்தார், கணுக்கால் வலித்தது. "பாதத்தை விட்டுடுங்க அண்ணி, குதிகாலால பக்கத்துல இருக்குற கதவை இடிச்சுத் திறக்குற மாதிரி நினைச்சுக்கங்க" என்றேன். அடுத்த தடவையே சட்டென்று வந்தது. அசைவு இடுப்பிலிருந்து மொத்தக் காலுமாக வர வேண்டும், கணுக்காலிலிருந்து மட்டும் வந்தால் வலிக்கத்தான் செய்யும்.

உள்ளே மாட்டுவதும் அப்படியே. ரோடு பெடல் காற்றில் தொங்கும்போது அதன் பின்பக்கம் கனத்தால் கீழே போய், மூக்கு மேலே பார்த்திருக்கும். ஷூவின் முனையால் அந்த மூக்கை முன்னால் தள்ளுவது போலச் சரித்து, கிளீட்டின் முன்விளிம்பு மாட்டியதும் பாதத்தின் முன்பகுதியால் கீழே அழுத்துங்கள். மேலிருந்து நேராக மிதித்தால் மாட்டாது.

நான்காம் நாள் மாநகராட்சி மைதானம். மண் தரை, ஓரத்தில் கொஞ்சம் புல். எளிதான கியர். வலது காலை மட்டும் மாட்டிக்கொண்டு, இடது காலைப் பெடலின் மேல் சும்மா வைத்தபடி சுற்றச் சொன்னேன். பிறகு இரண்டு காலும். இருபது மீட்டர் போவது, இடது காலை எடுப்பது, நிற்காமலேயே திரும்ப மாட்டுவது. இதை அரை மணி நேரம் செய்தார். நிற்கவே தேவையில்லாத இடத்தில் காலை எடுத்துப் பழகுவதால், எடுப்பது தனி வேலை, நிற்பது தனி வேலை என்று உடம்பு பிரித்துக்கொள்கிறது. உங்கள் பிரச்சினைக்கு நேரான மருந்து இதுதான். அதன் பிறகு நான் நடுவில் நின்றுகொண்டு திடீரென்று "நில்லுங்க" என்று கத்துவேன். முதல் நாள் அவர் பிரேக்கைத்தான் முதலில் பிடித்தார், ஒருமுறை புல்லில் சாய்ந்தும் விழுந்தார். இரண்டாம் நாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நிற்க வேண்டும் என்று தோன்றியதும் வாய்விட்டு "கால்" என்று சொல்வது, சொல்லிவிட்டுத்தான் பிரேக்கைத் தொடுவது. ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை அவரைச் சாலைக்கு அழைத்துப்போனேன். சிக்னல் மஞ்சளானபோதெல்லாம் எனக்கு முன்னால் "கால்" என்று மெல்லிய குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் நெரிசலுக்குள் நுழையும்போது அப்படிச் சொல்லித்தான் எடுக்கிறார். நீங்களும் செய்துபாருங்கள். வாய் சொன்னதைக் கால் கேட்கும்.

எந்தக் காலை எடுப்பது? இதில் நீங்கள் பார்க்கிற வெளிநாட்டு வீடியோக்கள் உங்களைக் குழப்பும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் போகும், நடைபாதை அவர்களுக்கு வலப்பக்கம், அதனால் அங்கே பலர் வலது காலை எடுக்கச் சொல்வார்கள். நமக்கு ஓரம் இடப்பக்கம். பேருந்தும் லாரியும் வலப்பக்கத்தில் போகும். நீங்கள் சாய நேர்ந்தால் இடப்பக்கமே சாய வேண்டும். அதோடு, மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிந்திருக்கும். ஓரமாக நிற்கும் சைக்கிள் இயல்பாகவே இடப்பக்கம் சாயப் பார்க்கும். செயினும், கியர் மாற்றும் பின் டீரெய்லரும் வலப்பக்கம் இருப்பதால், இடப்பக்கம் விழுந்தால் அவற்றுக்கும் சேதம் குறைவு. ஆகவே எப்போதும் இடது கால். எப்போதும் என்றால் எப்போதும். இன்று இது, நாளை அது என்று மாற்றினால் அவசரத்தில் உடம்பு எந்தக் காலை எடுப்பது என்று யோசிக்கும், அந்த யோசனைக்கு நேரம் இருக்காது. வலது காலை எடுப்பதையும் சுவரோரம் பழகிவைத்திருங்கள், ஆனால் சாலையில் இடதுதான்.

இடது காலை எடுத்த பிறகும் வலப்பக்கம் விழுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மூன்று விழுதலில் ஒன்றாவது அப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கால் வெளியே வந்தது, ஆனால் உடம்பின் கனம் இன்னும் வலது பெடலின் மேல் இருந்தது. பூட்டியிருக்கிற பக்கமாகச் சாய்ந்தால் தடுக்க ஒன்றுமே கிடையாது. இதற்கு இரண்டு செய்யுங்கள். நிற்கிற இடத்துக்கு வரும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி, இடுப்பைச் சற்று இடப்பக்கம் நகர்த்துங்கள். வண்டி இன்னும் மெல்ல உருண்டுகொண்டிருக்கும் கடைசி அரை நொடியில் ஹேண்டிலை நூலளவு வலப்பக்கம் திருப்புங்கள். சக்கரம் வலப்பக்கம் நகர, மேலே உடம்பு இடப்பக்கம் சாயும். மைதானத்தில் பத்துத் தடவை செய்துபார்த்தால் புரிந்துவிடும்.

எவ்வளவு தூரத்துக்கு முன்னால் எடுப்பது? ஆரம்பத்தில் முப்பது மீட்டர். சிக்னல் பச்சையாக இருந்தாலும் சந்தேகமாக இருந்தால் எடுத்துவிடுங்கள். கூடவே கியரையும் குறைத்துவிடுங்கள். எடுத்த இடது காலின் நடுப்பாதத்தைப் பெடலின் மேலேயே வைத்துக்கொண்டு வலது காலால் மிதித்து உருளலாம், ஒன்றும் ஆகாது. பச்சையிலேயே கடந்துவிட்டால் திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள். திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை வரைக்கும் நீங்கள் ஒற்றைக் காலை மாட்டாமலே போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. நெரிசல் தீர்ந்து முட்டுக்காடு பக்கம் சாலை திறந்துகொள்ளும்போது இரண்டையும் மாட்டினால் போதும்.

கிளம்புவதையும் சொல்லிவிடுகிறேன், அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வலது கால் பூட்டியபடியே இருக்கிறது அல்லவா? அந்தக் காலாலேயே பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி மேலே தூக்குங்கள். கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்துக்கு வரட்டும். சாதாரணப் பெடலில் இதற்குப் புறங்காலால் தேட வேண்டியிருக்கும், இங்கே சும்மா தூக்கினால் வரும். பச்சை விழுந்ததும் அதை ஓங்கி மிதித்து, சீட்டில் உட்கார்ந்து, வண்டி இரண்டு மூன்று சுற்று ஓடட்டும். அதற்குப் பிறகு இடது காலை மாட்டுங்கள். பச்சை விழுந்த உடனே குனிந்து பெடலைப் பார்த்து மாட்ட முயல்வது ஆபத்து. பின்னால் ஆட்டோ ஹாரன் அடிப்பான், கை தடுமாறும். மாட்டவில்லையென்றால் பெடலின் மேல் மிதித்தபடியே சந்திப்பைக் கடந்துவிடுங்கள், அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் விழ நேர்ந்தால் ஒன்று மட்டும். கையை நீட்டித் தரையைத் தடுக்காதீர்கள். நின்ற இடத்தில் விழுகிறவருக்கு மணிக்கட்டு உடைவது பெரும்பாலும் நீட்டிய கையால்தான். ஹேண்டிலை விடாமல் பிடித்துக்கொண்டு, முழங்கையை மடக்கி, தொடையும் தோளுமாக மொத்தப் பக்கமும் சேர்ந்து விழட்டும். தோல் சிராயும், பெரும்பாலும் அதோடு போகும்.

இப்போது முழங்கால். இதைக் கவனமாகப் படியுங்கள். சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறும், கெட்ட கிளீட் நிலை மாதக்கணக்கில் வலிக்கவைக்கும். முதலில் ஒரு கேள்வி: மூன்று முறை விழுந்ததில் அந்த வலது முழங்கால் தரையில் மோதியதா? மோதியிருந்து, வீக்கமோ நடக்கும்போது வலியோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், காட்டும்வரை ஓட்ட வேண்டாம். மோதவில்லை, ஓட்டும்போது பத்து இருபது கிலோமீட்டருக்குப் பிறகுதான் வலி வருகிறது என்றால் கிளீட்டைச் சந்தேகிக்கலாம்.

சாதாரணப் பெடலில் உங்கள் பாதம் தனக்கு வேண்டிய திசையில் தானே திரும்பி உட்கார்ந்திருந்தது. இப்போது கிளீட் சொல்கிற திசையில் நிற்கிறது. மணிக்கு நாலாயிரம், ஐந்தாயிரம் தடவை மடங்கி நீள்கிற முழங்காலில் சில டிகிரி தவறும் பெரிது. ஒரு மேசையின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். பாதங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன? பெரும்பாலானவர்களுக்குச் சற்று வெளிப்பக்கம் பார்க்கும், வலதும் இடதும் ஒரே மாதிரி இருக்கவும் தேவையில்லை. சைக்கிளிலும் பாதம் அதே திசையில் நிற்க வேண்டும். விரல்கள் அளவுக்கு மீறி உட்பக்கம் திரும்பி நின்றால் முழங்காலின் வெளிப்பக்கம் இழுபடும். விரல்களை வெளிப்பக்கம் பார்க்கவைக்க, கிளீட்டின் மூக்கைப் பெருவிரல் பக்கமாக மிகச் சிறிதளவு திருப்பிப் பூட்டுங்கள். குழப்பமாக இருந்தால் ஷூவைக் கையில் பிடித்துப் பெடலில் மாட்டிப் பாருங்கள், எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். தளர்த்துவதற்கு முன் கிளீட்டைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவைத்துக்கொண்டால் எவ்வளவு நகர்த்தினோம் என்பது தெரியும், வேண்டாமென்றால் பழைய இடத்துக்குத் திரும்பலாம். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர், ஒரு மாற்றம், இரண்டு ரைடு. ஒரே நாளில் நான்கை மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

முன்பின் நிலைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஷூவைப் போட்டுக்கொண்டு மேலிருந்து தடவினால் பெருவிரலின் அடிமூட்டும் சுண்டுவிரலின் அடிமூட்டும் புடைப்பாகத் தட்டுப்படும். பெடலின் அச்சு இந்த இரண்டுக்கும் நடுவே வருமாறு வையுங்கள். சந்தேகமிருந்தால் கிளீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளுவது நல்லது. மிக முன்னால் இருந்தால் கெண்டைக்காலும் குதிநரம்பும் கூடுதலாக உழைக்கும், விரல்கள் மரத்துப்போகும். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் பலர் பின்னால்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

சீட் உயரத்தையும் மறக்காதீர்கள். புது ஷூவின் அடியும் புதுப் பெடலின் தடிமனும் பழையதுபோல இருக்காது. பாதத்துக்கும் பெடல் அச்சுக்கும் உள்ள இடைவெளி சில மில்லிமீட்டர் மாறியிருக்கும், ஆனால் சீட் பழைய உயரத்திலேயே இருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், உயர்ந்திருந்தால் பின்பக்கமும் சில சமயம் வெளிப்பக்கமும் வலிக்கும். மிதிக்கும்போது இடுப்பு பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பின்னால் வருகிற நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால் சீட்டைக் கொஞ்சம் இறக்குங்கள்.

கிளீட்டைத் திரும்பப் பூட்டும்போது திருகுகளின் மரையில் கிரீஸ் தடவி, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். முதல் ஐம்பது கிலோமீட்டருக்குப் பிறகு இன்னொரு தடவை சரிபாருங்கள். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், நான் ஓட்டுவது இரண்டு திருகு எஸ்பிடி. மாமல்லபுரத்துக்கு முன்னால் ஒரு நாள் டீ குடிக்க ஓரங்கட்டினேன். வழக்கம்போல முன்கூட்டியே இடது குதிகாலைத் திருப்பினேன். ஷூ திரும்பியது, டக் என்ற சத்தம் வரவில்லை. இன்னும் திருப்பினேன், பாதம் கிட்டத்தட்டக் குறுக்காகவே திரும்பிவிட்டது, பெடல் விடவில்லை. இரண்டு திருகில் ஒன்று எங்கோ வழியில் கழன்று விழுந்திருக்கிறது. மிச்சமிருந்த ஒற்றைத் திருகை அச்சாக வைத்து ஷூ மட்டும் சுழல்கிறது, கிளீட் பெடலுக்குள் அசையாமல் நிற்கிறது. நல்ல வேளையாக வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வலது காலை எடுத்து, வலப்பக்கம் சாய்ந்து நின்றேன். வலது காலையும் பழகிவைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான். பிறகு ஷூவின் பட்டையை அவிழ்த்து, காலை மட்டும் உருவிக்கொண்டு, சாக்ஸோடு தார்ச்சாலையில் நின்றேன். ஷூ பெடலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. டென்ஷனை முழுவதும் தளர்த்தி, கிளீட்டின் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பியதும் கழன்றது. தண்ணீர் பாட்டில் கூண்டைப் பிடித்திருக்கும் திருகும் அதே 5 மில்லிமீட்டர் மரைதான், அதில் ஒன்றைக் கழற்றித் தற்காலிகமாகப் போட்டு வீடு வந்தேன். அன்றிலிருந்து என் சீட் பையில் இரண்டு கிளீட் திருகு எப்போதும் உண்டு. மூன்று திருகில் ஒன்று போனால் இப்படிச் சுழலாது, அந்த வகையில் நீங்கள் கொஞ்சம் பத்திரம். ஆனால் கடற்காற்றில் திருகின் தலை துருப்பிடித்து ஆலன் கீ பிடிக்காமல் போவது உங்களுக்கும் நடக்கும், மாதம் ஒரு தடவையாவது பாருங்கள்.

மலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். ஏற்றத்தில் வேகம் மணிக்கு ஆறு ஏழு கிலோமீட்டராகக் குறையும்போது, நிற்க நினைத்த அடுத்த நொடியே வண்டி நின்றுவிடும். மிதித்துக்கொண்டிருக்கும் காலைத் திருப்புவதும் கடினம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில், முடியவில்லை என்று தோன்றுவதற்கு முன்பே, இடது பெடல் அடியில் வரும்போது காலை எடுங்கள். திரும்பக் கிளம்பும்போது நேராக மேலே பார்த்துக் கிளம்பாமல், வண்டி வராத நேரம் பார்த்துச் சாலைக்குக் குறுக்காகச் சரிவாகக் கிளம்பினால் இடது காலை மாட்ட இரண்டு நொடி கூடுதலாகக் கிடைக்கும். கொல்லிமலையின் 70 வளைவுகளை முதல் மாதத்தில் முயற்சி செய்ய வேண்டாம்.

"பழைய பெடலுக்கே போய்விடலாமா?" என்று கேட்டீர்கள். போவதில் தவறே இல்லை. காலை மேலே இழுத்து மிதிப்பதால் வேகம் கூடும் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். ஆய்வகத்தில் அளந்து பார்த்தபோது, வேண்டுமென்றே மேலே இழுத்து மிதித்தவர்களுக்குச் செயல்திறன் கூடவில்லை, குறையத்தான் செய்தது. சக்தி பெரும்பாலும் கீழே மிதிப்பதிலிருந்துதான் வருகிறது. இந்தப் பெடலின் உண்மையான பயன் வேறு. மழையிலும் குண்டும் குழியுமான சாலையிலும் கால் வழுக்காது, வேகமாகச் சுற்றும்போது பாதம் இடம் மாறாது, நான்கு மணி நேரம் கழித்தும் முதல் நிமிடத்தில் இருந்த இடத்திலேயே பாதம் இருக்கும். 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு அது பெரிய உதவி. அலுவலகத்துக்கு எட்டு கிலோமீட்டர் நெரிசலில் போகிறவருக்குத் தேவையே இல்லை, முள் வைத்த தட்டைப் பெடலும் அடி கெட்டியான ஷூவும் போதும். இரண்டும் வேண்டும் என்றால் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் எஸ்பிடியாகவும் இருக்கும் பெடல் கிடைக்கிறது. எஸ்பிடியில் எஸ்எச்56 என்ற கிளீட் போட்டால் பக்கவாட்டில் மட்டுமின்றி வேறு சில கோணங்களில் பலமாக இழுத்தாலும் விடும், பயந்த மனதுக்கு ஆறுதல். எஸ்பிடி ஷூவில் கிளீட் அடியில் பதிந்திருப்பதால் டீக்கடை வரை சாதாரணமாக நடந்தும் போகலாம். உங்கள் ரோடு ஷூவில் ஈரமான டைல்ஸ் தரையில் நடந்துவிடாதீர்கள், பெடலில் விழுவதைவிட மோசமாக விழுவீர்கள். கிளீட்டுக்கு மேல் மாட்டும் ரப்பர் உறை ஒரு ஜோடி சட்டைப்பையில் இருக்கட்டும்.

நீங்கள் காலையில் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவர், சாலையின் பெரும்பகுதி திறந்த சாலை. உங்களுக்கு இந்தப் பெடல் பொருந்தும் என்றே நினைக்கிறேன். இந்த வாரம் முழங்கால் அடங்கும்வரை சுவரோரப் பயிற்சி மட்டும், அதுவும் வலது கால் வலிக்காத அளவுக்கு. கிளீட்டைச் சரிசெய்துவிட்டு மைதானம் ஒரு வாரம். அதற்குப் பிறகு சாலை. டென்ஷனை அப்படியே குறைவாக விட்டுவையுங்கள். வேண்டாத நேரத்தில் கால் தானாகக் கழன்று வருகிறது என்று தோன்றினால் மட்டும், இரண்டு பெடலிலும் ஒரே அளவாக, ஒரு 'கிளிக்' ஏற்றுங்கள். கிளீட்டிலுள்ள மஞ்சள் பட்டை தேய்ந்து அடியில் கறுப்பு தெரிய ஆரம்பித்தால் புதிது போடுங்கள். தேய்ந்த கிளீட் கழலும் நேரமும் கழலாத நேரமும் நம் கணக்கில் இருக்காது.